முகங்களைத் தீட்டிய இரவிவர்மா

சுவரில் தொடங்கிய கலை

திருவனந்தபுரத்திற்கு வடக்கே கிளிமானூர் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் அரண்மனையில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 29-ஆம் நாள் பிறந்தவர் இரவிவர்மா. தந்தையார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு வடமொழியில் வல்லவர். தாயார் உமயம்பா தம்புராட்டி கவிதை இயற்றும் ஆற்றல் பெற்றவர். பாட்டும் கதையும் நிறைந்த வீட்டில் இரவிவர்மா வளர்ந்தார். இராமனின் கதையும் நளனின் கதையும் சகுந்தலையின் கதையும் அவர் செவியில் இளமையிலேயே புகுந்தன.

சிறுவனின் கையோ ஏட்டைவிடக் கரித்துண்டையே மிகுதியாக நாடியது. வெள்ளையடித்த சுவர்களில் விலங்குகளும் பறவைகளும் மனிதர்களும் தோன்றத் தொடங்கினர். அரண்மனைப் பணியாளர்கள் மீண்டும் மீண்டும் சுவரைத் துடைக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது வெறுங்கிறுக்கல், தண்டிக்கத்தக்க குறும்பு. ஆனால், சிறுவனின் தாய்மாமன் இராஜராஜவர்மா அக்கோடுகளை வேறு கண்ணோடு பார்த்தார்.

இராஜராஜவர்மாவும் ஓர் ஓவியர். மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு என்னும் ஓவியரிடம் தஞ்சாவூர் ஓவியமுறையைக் கற்றவர். ஆகையால், சுவரில் இருந்த கோடுகளில் பிழையைக் காணும் முன்பே ஒரு குழந்தையின் கூர்ந்த பார்வையை அவர் கண்டார். அவர் சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. தம் அருகில் அமர்த்திக்கொண்டு ஓவியத்தின் முதற்பாடங்களைக் கற்பித்தார். இலை, பூ, மரப்பட்டை, மண் ஆகியவற்றிலிருந்து வண்ணம் எடுக்கும் பழைய முறையை இரவிவர்மா அவரிடமே கற்றார். அன்று அந்த அம்மான் சினந்து கரித்துண்டைப் பறித்திருந்தால், இந்தியா ஓர் ஓவியரை இழந்திருக்கக்கூடும்.

இருவேறு முறைகள்

தஞ்சாவூர் ஓவியத்தில் தெய்வங்களே பெரும்பாலும் இடம்பெறும். பலகையின்மேல் துணி ஒட்டி, அதன்மேல் வெண்சாந்து பூசி, அணிகலன் வரும் இடங்களில் பொன்தகடு பதித்து, கற்கள் இழைத்து அதனை உருவாக்குவர். முகங்கள் மரபு வகுத்த அளவின்படியே அமையும். விழி மீனைப் போன்றும், புருவம் வில்லைப் போன்றும் இருக்கும். எனவே, ஓர் ஓவியர் தீட்டிய தேவியின் முகமும் மற்றோர் ஓவியர் தீட்டிய தேவியின் முகமும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும்.

உருவப்படம் இதனின் வேறானது. அது குறிப்பிட்ட ஒருவரை அவராகவே காட்ட வேண்டும். சற்றே வளைந்த மூக்கு, ஒருபுறம் உயர்ந்த புருவம், முதுமையால் தளர்ந்த கன்னம் ஆகிய அனைத்தும் அதில் இடம்பெற வேண்டும். பார்ப்பவர் இவர் இன்னார் என்று உடனே அறிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஓவியர்கள் இதற்கு எண்ணெய் வண்ணத்தைப் பயன்படுத்தினர். எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாகவே உலரும். ஆகவே, ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று கலக்குமாறு தூரிகையால் நெடுநேரம் இழைக்க இயலும். கன்னத்தின் திரட்சியும் கண்ணின் ஈரமும் துணியின் மடிப்பும் இம்முறையில் மெய்யானவை போலத் தோன்றும்.

மூடிய கதவுகள்

1862-ஆம் ஆண்டு, பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்த இரவிவர்மாவைத் தாய்மாமன் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்றார். திருவிதாங்கூர் மன்னர் ஆயில்யம் திருநாள் சிறுவனின் ஓவியங்களைக் கண்டு மகிழ்ந்து, அவனைத் தலைநகரிலேயே தங்கச் செய்தார். அரண்மனையில் இருந்த ஐரோப்பிய ஓவியங்களையும் கலைநூல்களையும் பார்க்கும் வாய்ப்பு இரவிவர்மாவுக்குக் கிடைத்தது. எண்ணெய் வண்ணத்தைக் கற்க வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது.

அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசவையில் இராமசாமி நாயக்கர் என்னும் ஓவியர் புகழுடன் விளங்கினார். அவர் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் தீட்ட வல்லவர். அவர் தம் கலை நுட்பங்களை இளைஞரான இரவிவர்மாவுக்குக் கற்பிக்க உடன்படவில்லை என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கலை நுட்பம் ஓவியரின் பிழைப்புக்கு முதலாக இருந்த காலம் அது. நுட்பத்தைப் பிறருக்குத் தந்தால் தம் இடம் பறிபோகும் என்னும் அச்சம் பலரிடம் இருந்தது. ஆயினும், நாயக்கரின் மாணவராகிய ஆறுமுகம் பிள்ளை என்பவர் மனமிரங்கி, வண்ணம் குழைக்கும் முறையை இரவிவர்மாவுக்கு மறைவாகச் சொல்லித் தந்தார் என்பர்.

1868-ஆம் ஆண்டு தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய உருவப்பட ஓவியர் திருவனந்தபுரத்திற்கு வந்தார். மன்னரின் படத்தையும் அரசியின் படத்தையும் தீட்டுவது அவர் பணி. இரவிவர்மாவுக்குக் கற்பிக்குமாறு மன்னர் அவரைக் கேட்டுக்கொண்டார். ஜென்சனும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டும்போது அருகில் நின்று பார்ப்பதற்கு மட்டும் ஒப்புக்கொண்டார்.

இரவிவர்மாவுக்கு அதுவே போதுமானதாயிற்று. தூரிகை எந்த வண்ணத்தை முதலில் தொடுகிறது, நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, ஒளிப்புள்ளி விழியில் எந்த இடத்தில் விழுகிறது என்று கூர்ந்து நோக்கினார். கண்டதைத் தனிமையில் தீட்டிப் பார்த்தார். பிழைபட்டதை அழித்து மீண்டும் தீட்டினார். ஆசிரியர் இல்லாத இடத்தில் பார்வையே அவருக்கு ஆசிரியர் ஆயிற்று.

முதல் ஊதியம்

1870-ஆம் ஆண்டு இரவிவர்மா கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று பல நாள்கள் தங்கி வழிபட்டார். இக்கோயில் இன்றைய கருநாடக மாநிலத்தின் உடுப்பி மாவட்டத்தில் உள்ளது. அங்கிருந்து திரும்பும் காலத்தில் கோழிக்கோட்டில் நீதித்துறை அலுவலராக இருந்த கிழக்கே பாலாட் கிருஷ்ண மேனன், தம் குடும்பத்தினரின் உருவப்படத்தைத் தீட்டித் தருமாறு கேட்டார். இரவிவர்மா ஊதியம் பெற்றுத் தீட்டிய முதல் ஓவியம் இதுவே என்பர். அரச குடும்பத்தோடு உறவுடைய ஒருவர் பிறருக்குப் படம் தீட்டிப் பொருள் பெறுவது அக்காலத்தில் வழக்கம் அன்று. இரவிவர்மா அவ்வழக்கத்தை மீறி, ஓவியத்தைத் தம் தொழிலாகவே மேற்கொண்டார்.

வெற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் 1873-இல் சென்னைக் கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. அதே ஆண்டு வியன்னா நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலும் அது பரிசு பெற்றது. மறு ஆண்டு, சரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் தமிழ்ப் பெண்ணின் ஓவியம் சென்னையில் பரிசு பெற்றது. 1878-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் உருவப்படத்தை இரவிவர்மா தீட்டினார். ஐரோப்பியரே தீட்டி வந்த ஆளுநர் படத்தை, எவரிடமும் முறையாகப் பயிலாத இந்தியர் ஒருவர் தீட்டியது அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது.

பொன் இல்லாத பொன்

இரவிவர்மாவின் ஓவியங்களில் பெண்கள் அணிந்துள்ள நகைகள் உண்மைப் பொன்னாகவே மின்னுகின்றன. ஆனால், தஞ்சாவூர் ஓவியத்தில் உள்ளதுபோல் அங்கே பொன்தகடு பதிக்கப்படவில்லை. மஞ்சளும் பழுப்பும் வெண்மையும் மட்டுமே உள்ளன. வளையலின் வளைவில் பழுப்பு நிழலையும், ஒளி படும் விளிம்பில் வெண்புள்ளியையும் வைத்து அவர் பொன்னின் தோற்றத்தை உருவாக்கினார். பொருளை ஒட்டுவதற்கு மாறாக, பொருளின்மேல் ஒளி விழும் முறையைத் தீட்டுவதே இக்கலையின் நுட்பம். தாய்மாமனிடம் கற்ற பழைய முறையையும் பார்த்துக் கற்ற புதிய முறையையும் அறிந்திருந்ததால், இரவிவர்மாவால் இரண்டின் அழகையும் ஒன்றுசேர்க்க முடிந்தது.

மைசூர் நாட்டில்

1885-ஆம் ஆண்டு மைசூர் மன்னர் சாமராஜேந்திர உடையார் இரவிவர்மாவை அழைத்து, தம் குடும்பத்தினரின் உருவப்படங்களைத் தீட்டச் செய்தார். அக்காலத்தில் அதே மைசூர் நாட்டின் கிழக்கு எல்லையில், கோலாரில், மற்றொரு வரலாறு தொடங்கியிருந்தது. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கச் சுரங்கங்களைத் தோண்டி வந்தது. வடஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே குடியேறின. மண்ணுக்கு அடியிலிருந்து பொன்னை வெளிக்கொணர்ந்தவை அவர்களுடைய கைகளே.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தில் இரவிவர்மாவின் ஓவியங்கள் பல இன்றும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இசைக்கலைஞர் குழுவைக் காட்டும் ஓவியம் புகழ்பெற்றது. அதில் பதினொரு பெண்கள் ஒன்றாகக் கூடியுள்ளனர். ஒவ்வொருவரும் வெவ்வேறு பகுதியைச் சேர்ந்தவர்; உடையும் அணியும் முகச்சாயலும் வேறு வேறு. இருப்பினும், அவர்கள் அனைவரும் ஒரே அவையில் கூடி ஒரே இசையில் ஈடுபட்டிருக்கின்றனர். பல மொழி பேசுவோர் கூடி வாழும் ஊர்களில் வளரும் சிறுவர் சிறுமியருக்கு இவ்வோவியம் மிகவும் நெருக்கமானது.

வீடுதோறும் ஓவியம்

கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாகப் பணியாற்றியவர் மாதவராவ். அவருடைய தொடர்பால் பரோடா மன்னர் சாயாஜிராவின் ஆதரவு இரவிவர்மாவுக்குக் கிடைத்தது. பரோடா அரண்மனைக்காகப் புராணக் காட்சிகளைக் கொண்ட 14 ஓவியங்களை அவர் தீட்டினார். இதற்காகத் தம் தம்பி இராஜராஜவர்மாவுடன் நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று, மக்களின் முகங்களையும் உடைகளையும் உற்றுநோக்கினார். புராணத்தில் வரும் தமயந்திக்கும் சகுந்தலைக்கும் உயிருள்ள மனிதரின் முகத்தை அளித்தார்.

இவ்வோவியங்களைக் காண மக்கள் திரண்டனர். ஆனால், அரண்மனையில் தொங்கும் ஓவியத்தை எத்தனை பேர் காண இயலும்? ஓவியங்களை அச்சிட்டு மக்களிடம் சேர்க்குமாறு மாதவராவ் முன்னரே கூறியிருந்தார். 1894-இல் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் ஒன்றை நிறுவினார். செருமனியிலிருந்து எந்திரங்களும் தொழில்நுட்ப வல்லுநர்களும் வந்தனர். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் படத்தை வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல முறை அச்சிட்டு ஒரு படத்தை உருவாக்கினர். கலைமகளும் திருமகளும் குறைந்த விலையில் எளியோரின் வீடுகளுக்கு வந்தனர். கோயிலுக்குள் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்த மக்களும் தெய்வத்தின் திருமுகத்தைத் தம் வீட்டுச் சுவரிலேயே கண்டு வணங்கினர்.

அச்சகம் இரவிவர்மாவுக்குப் பொருள் இழப்பையே தந்தது. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது. அச்சகத்தை லோனாவளாவுக்கு அருகில் உள்ள மளவலிக்கு மாற்ற நேர்ந்தது. கடன் பெருகியதால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைச் செருமானியர் ஒருவருக்கு விற்றுவிட்டார். அச்சகம் அவர் கையைவிட்டுப் போனாலும் படங்கள் மக்களின் வீடுகளை விட்டுப் போகவில்லை. இன்றைய நாள்காட்டிப் படங்கள் பலவற்றிலும் அவருடைய சாயலைக் காணலாம்.

திறந்த கதவு

இரவிவர்மா தாம் பெற்ற கலையைப் பூட்டி வைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டு இளையவரான தம்பி இராஜராஜவர்மாவைத் தம்முடன் வைத்துப் பயிற்றுவித்தார். இருவரும் ஒரே ஓவியத்தில் சேர்ந்து பணியாற்றினர். இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் தம்பி சிறந்து விளங்கினார். தங்கை மங்களாபாயும் ஓவியம் கற்றார். பெண்கள் ஓவியராவது அரிதாக இருந்த அக்காலத்தில், அவர் தம் அண்ணனின் உருவப்படத்தையே தீட்டினார். ஊரார் அனைவரின் முகங்களையும் தீட்டிய இரவிவர்மாவின் முகத்தை அவர் தங்கை தீட்டியது நினைக்கத்தக்கது.

இரவிவர்மாவின் மகன் இராமவர்மாவும் ஓவியர் ஆனார். அவர் 1915-இல் மாவேலிக்கரையில் தந்தையின் பெயரால் ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பள்ளி பின்னர் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. தந்தைக்குக் கற்பிக்க ஆசிரியர்கள் மறுத்தனர்; அவர் பெயர் தாங்கிய பள்ளியோ கற்க வந்த மாணவர்களுக்குத் தன் வாயிலைத் திறந்து வைத்தது.

இறுதிக் காலம்

1904-இல் ஆங்கிலேய அரசு இரவிவர்மாவுக்குக் கைசர்-இ-இந்த் என்னும் பொற்பதக்கம் அளித்தது. அதே காலத்தில் மைசூர் மன்னருக்காக அண்ணனும் தம்பியும் ஓவியங்களைத் தீட்டி வந்தனர். 1905-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம்பி இராஜராஜவர்மா மறைந்தார். வாழ்நாள் முழுவதும் உடன் நின்ற துணையை இழந்த துயரம் இரவிவர்மாவை வாட்டியது. நீரிழிவு நோயும் அவர் உடலைத் தளர்த்தியது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் திங்கள் 2-ஆம் நாள், தாம் பிறந்த கிளிமானூரிலேயே அவர் மறைந்தார்.

அவர் மறைந்த பின்னர், ஐரோப்பிய முறையைப் பின்பற்றியவர் என்று சிலர் அவரைக் குறை கூறினர். இந்தியக் கலை அதன் பழைய மரபிலிருந்தே வளர வேண்டும் என்பது அவர்களுடைய கருத்து. அக்கருத்திலும் உண்மை உண்டு. எனினும், நம் நாட்டு மக்களின் முகங்களை மதித்து உற்றுநோக்கித் தீட்டிய முன்னோடி என்னும் பெருமை இரவிவர்மாவுக்கே உரியது. அவருடைய ஓவியங்களை 1979-இல் இந்திய அரசு நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவித்தது. புதன் கோளில் உள்ள ஒரு பள்ளத்திற்கும் அவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது.

கரித்துண்டோடு நின்ற சிறுவனுக்கும் இத்தனை புகழுக்கும் இடையே நின்றவர் ஒரு தாய்மாமன். குழந்தையின் முதல் கோட்டைப் பார்க்கும் பெரியவர் பிழையைப் பார்க்கிறாரா, பார்வையைப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தே ஒரு கலை வளர்வதும் அழிவதும் அமைகிறது.

அருஞ்சொற்பொருள்

அம்மான் – தாய்மாமன்
வேட்கை – மிகுந்த விருப்பம்
திரட்சி – உருண்டு திரண்ட தன்மை
தூரிகை – வண்ணம் தீட்டும் கோல்
கோமகன் – உயர்குடித் தலைவன்
திவான் – அரசின் தலைமை அமைச்சர்

விடையளிக்க

1. இரவிவர்மா சுவரில் வரைந்ததைப் பணியாளர்களும் தாய்மாமனும் எவ்வாறு வெவ்வேறாகப் பார்த்தனர்?
2. தஞ்சாவூர் ஓவியத்திற்கும் உருவப்படத்திற்கும் உள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
3. பொன்தகடு இல்லாமல் பொன்னின் தோற்றத்தை இரவிவர்மா எவ்வாறு உருவாக்கினார்?
4. அச்சிட்ட ஓவியங்களால் எளிய மக்கள் பெற்ற பயன் யாது?
5. தமக்குத் தெரிந்த கலையைப் பிறருக்குக் கற்பிக்க மறுப்பது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

வரைந்து பழகுக

வீட்டில் உள்ள பாட்டியையோ தாத்தாவையோ சாளரத்தின் அருகே அமரச் செய்க. ஒளி ஒரு பக்கத்திலிருந்து முகத்தில் விழட்டும். பென்சிலைத் தொடும் முன்பு, சிறிது நேரம் அவர் முகத்தை மட்டும் உற்றுப் பார்க்க.

முட்டை வடிவில் தலையை மெல்லிய கோட்டால் வரைக. உச்சிக்கும் முகவாய்க்கும் நடுவில் ஒரு கோடு இடுக. கண்கள் அக்கோட்டின்மேல் அமையும். கண்களை நெற்றிக்கு அருகே வரைவது பலரும் செய்யும் பிழை. இரு கண்களுக்கும் இடையே ஒரு கண்ணின் அகலம் இடைவெளி விடுக. கண்கோட்டிற்கும் முகவாய்க்கும் நடுவில் மூக்கின் நுனி முடியும். காதின் மேல்முனை புருவத்திற்கும், கீழ்முனை மூக்கு நுனிக்கும் நேராக அமையும்.

இவை பொதுவான அளவுகள். இனி, உம் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ மட்டும் உரியவற்றைத் தேடுக. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, நரைத்த மீசை, கண்ணோரக் கோடுகள் ஆகியவற்றைச் சேர்க்க. ஒளி படாத பக்கத்தில் பென்சிலைச் சாய்த்துப் பிடித்து நிழலிடுக. படத்தின் கீழ் அவர் பெயரையும், அவர் பிறந்த ஊரையும், அவர் செய்த தொழிலையும் கேட்டுத் தமிழில் எழுதுக.